மத்தியானத் தறி

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. சத்தம் போட்டுச் சொல்ற கதையில்லை இது. இதுக்குள்ள ஒரு கைக்கொழந்தை தூங்குது.

சண்டைக் காலம். எங்கேயோ கண்காணாத சீமையில குண்டு போட்டுக்கிட்டாங்க, இங்கே ஆட்டையாம்பட்டியில நூல் வரத்து நின்னு போச்சு. விடிஞ்சதுல இருந்து சடக்கு சடக்குன்னு கிடந்த தெருவுல ஒரு தறிகூட ஓடலை. எப்பவாவது கொஞ்சம் நூல் வந்தா, பொன்னன்னு ஒரு பெரிய மனுசர், அவர்தான் ஊட்டுக்கு ஊடு பங்கு போட்டுக் குடுப்பார்.

அப்படிக் கிடந்த தெருவுல, மத்தியானமானா ஒரே ஒரு தறிச் சத்தம் மட்டும் கேட்டுது. வீரபாகு ஊட்டுல. கதவைச் சாத்திக்கிட்டு ஓட்டறான்.

அதைப் போய்ப் பொன்னன் காதுல போட்டது வீரபாகுவுக்குப் பக்கத்து ஊட்டுச் சுப்பையன்.

"நாமெல்லாம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறோம். இவனுக்கு மட்டும் நூல் எங்கிருந்துங்கண்ணா வருது? பதுக்கி வெச்சிருக்கறானுங்க!"

"நெசமா?"

"வந்து உங்க காதாலயே கேளுங்க."

பொன்னனுக்குக் கோபம் வந்துருச்சு. "பதுக்கியிருந்தான்னா இனி அவனுக்கு ஒரு இழை கிடையாது. நடங்க, பாத்துருவோம்."

உச்சி வெயில்ல தெருவே திரண்டு போச்சு. சுப்பையன் ஊட்டைத் தாண்டறப்ப, அவரே திரும்பி வாயில வெரலை வெச்சார்.

"மெதுவா வாங்கப்பா. எம் பேரன் தூங்கறான். ராவும் பகலும் அழுது தீக்கற பய. புள்ளை பெத்த ஒடம்பு, எம் மக வசந்தாமணி தலை சாய்க்கறதே இந்த ஒரு நேரந்தான்."

வாசல்ல நின்ன அவர் சம்சாரம் கந்தம்மாள் பெருமையாச் சொன்னாள்: "வசம்பு சுட்டு நான் உரசிக் குடுக்கறனுங்க. இல்லாட்டி அவனாவது தூங்கறதாவது!"

சொல்லிட்டு அவளும் கூட்டத்தோட சேந்துக்கிட்டாள். திருடனைப் பிடிக்கப் போன கூட்டம் பூனையாட்டம் நடந்துது.

வீரபாகு பொண்டாட்டி மாரக்காள் கதவைத் திறந்தாள்.

"ஏனுங்க, இத்தனை பேரும்?"

"உம் புருசன் எங்கே?" பொன்னன் கேட்டார்.

"தறியிலதானுங்க. கஞ்சி ஆறிக் கிடக்குது, கூப்புட்டா எந்திரிக்க மாட்டீங்கறாரு."

உள்ளே போய்ப் பாத்தவங்க அப்படியே நின்னுட்டாங்க.

வீரபாகு தறிக்குழியில காலைத் தொங்கப் போட்டு மிதிக்கறான், கயித்தை இழுக்கறான், ஊடை நூல் கொண்டு போற நாடாக்கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுது. தறியில நீளவாக்குல கட்டற பாவு இல்லை. ஒரு இழை நூல் இல்லை. வெறுந்தறி!

வெறுந்தொட்டிலை ஆட்டக்கூடாதும்பாங்க இல்லையா, அந்தத் தெருவுல வெறுந்தறியும் அப்படித்தான். ஓட்டினா கேக்கற ஊட்டுக்கெல்லாம் ஆகாதும்பாங்க. வெளையாட்டுக்குக்கூட கயித்தைத் தொட உடமாட்டாங்க.

"உனக்கென்னடா புத்தி பெசகிப் போச்சா?" பொன்னன் கேட்டார்.

சுப்பையன் உடறாப்பல இல்லை. "நடிக்கறானுங்க! நாம வாரது தெரிஞ்சு பாவை அறுத்து ஒளிச்சுட்டான்." அடுப்படியில பாத்தார், பரண்ல ஏறிப் பாத்தார், பானைக்குள்ள கையை உட்டுப் பாத்தார். மாவுதான் ஒட்டிக்கிட்டு வந்துது. அத்தனை நேரமும் வீரபாகு கையும் காலும் நிக்கலை.

"நிறுத்துடா! எந்திரி மேல!" சுப்பையன் அதட்டினார்.

"வேண்டாங்க மாமா."

"பாத்தீங்களாண்ணா! குழிக்குள்ளதான் வெச்சிருக்கான்!"

"எந்திரி வீரபாகு," பொன்னன் சொன்னார். "குழியைப் பாத்துருவோம். இல்லைன்னா இனி எங்கிட்ட நூல் கேட்டு வராதே."

வீரபாகு ஒரு தரம் சுவத்தைப் பாத்தான். கயித்தை உட்டுட்டு மேல ஏறினான். தறி நின்னுது.

சுப்பையன் குழிக்குள்ள எறங்கித் துழாவினார். மண்ணுதான் இருந்துது.

அப்பத்தான் சுவத்துக்கு அக்கட்ட, சுப்பையன் ஊட்டுல, முதல்ல ஒரு முனகல். அப்புறம் சிணுங்கல். அப்புறம் ஊட்டையே தூக்கற அழுகை.

"ஐயோ சாமி, முழிச்சுட்டியா? இப்பத்தானே கண்ணை மூடுனேன்..." வசந்தாமணி குரல். அவளும் அழுதுருவாளாட்ட இருந்துது.

"வசம்பு பத்தலையாட்ட..." கந்தம்மாள் ஆரம்பிச்சாள். நின்னுபோன தறியைப் பாத்தாள்.

பொன்னன் கேட்டார்: "ஏன்டா, இதுக்கா ஓட்டினே?"

"தெரு பூராத் தறி ஓடறப்பப் பொறந்தவனுங்க அவன்," வீரபாகு சொன்னான். "சத்தம் நின்னதுல இருந்து பகல்ல தூங்கலை. அழுகிறது சுவத்துல கேக்குமுங்க. ஒரு நாள் சும்மா ஓட்டிப் பாத்தேன், அடங்கிட்டான்."

சுப்பையன் குழிக்குள்ள நின்னபடியே கத்தினார்: "அதை எங்கிட்டச் சொல்லித் தொலைக்கறதுதானேடா?"

"வெறுந்தறியை ஓட்டி உங்க பேரனைத் தூங்க வெக்கறேன்னா, நீங்க ஒத்துக்குவீங்களா மாமா?"

அதுக்குப் பேரன் அழுகைதான் பதிலா வந்துது, இன்னும் ஒசக்க.

வீரபாகு குனிஞ்சு, அவர் தோளைப் பிடிச்சுத் தறியில உக்கார வெச்சு, கயித்தை எடுத்து அவர் கையில குடுத்தான்.

"பைய இழுங்க மாமா. வேகமா இழுத்தா அவனுக்குப் புடிக்காது."

சொல்லிட்டுக் கஞ்சி குடிக்க அடுப்படிக்குப் போயிட்டான்.