வியாழக்கிழமைச் சிரிப்பு

“காலரான்னு நெனச்சு ஓடுறானுங்க, பெரியம்மா,” என்றேன்.

திரையில் ஒரு கைதி முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு கட்டிலில் நெளிந்துகொண்டிருந்தான். காவலாளிகள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவன் சன்னலில் மாட்டிக்கொண்டு காலை உதறினான்.

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

மலேசியாவில், கோலா பிலாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதலில் டிவி வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். எழுபத்தாறில், லாரி பேட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளைப் பெட்டி.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த இங்கிலீஷ் சிரிப்பு நாடகம் வரும். போர்க்காலத்துக் கைதி முகாம். வெள்ளைக்காரக் கைதிகள் வாராவாரம் காவலாளிகளை ஏமாற்றுவார்கள். யாரும் சாகமாட்டார்கள்.

பள்ளிக்கூடத்து இங்கிலீஷை வைத்துக்கொண்டு நான்தான் பெரியம்மாவுக்குத் தமிழில் சொல்வேன்.

பெரியம்மாவின் பேர் பஞ்சாலை; அப்பாவின் அண்ணன் மனைவி. ஜப்பான்காரன் காலத்தில் பெரியப்பா அர்ச்சுனனையும் அப்பாவையும் ஒரே லாரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அப்பா மட்டும் திரும்பி வந்தார்.

“காய்ச்சல்ல போயிட்டாரு அண்ணி” என்று வாசலில் நின்று சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு சயாம் என்ற சொல்லே எங்கள் வீட்டில் கிடையாது.

பெரியம்மா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்து லயத்தில் தனியாக இருந்து பால் வெட்டப் போய்வந்தாள்.

நாடகம் வந்த முதல் வாரம் அவள் கேட்டாள்: “அங்கயும் இப்படித்தான் இருந்தீங்களா தம்பி?”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “இப்படித்தான் அண்ணி. அண்ணன் இவனுங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுருவாரு.”

ஜப்பான் அதிகாரியின் பூட்ஸுக்குள் பெரியப்பா கட்டெறும்பு விட்ட கதையைச் சொன்னார். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து வாரம் ஒரு கதை.

நாடகத்துக் கைதிகள் பன்றியை ஒளித்தால், பெரியப்பா கோழியை ஒளித்திருப்பார். அவர்கள் பொம்பளை வேஷம் போட்டால், பெரியப்பா சேலை கட்டிக்கொண்டு முகாமை விட்டே வெளியே போய்வந்திருப்பார். காட்டுக்குள் சேலை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேன். “நீ சும்மா இருலா” என்றார் அப்பா. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அம்மா இல்லாத வீடு. மற்ற நாட்களில் அப்பாவும் நானும் பேசிக்கொள்வதே குறைவு. அந்த வியாழக்கிழமைகளுக்காகவே எனக்கு அந்த நாடகத்தைப் பிடிக்கும்.

இப்போது பெரியம்மா திரையைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வாரக் கதைக்காகக் காத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அப்பா தொண்டையைச் செருமினார். “அண்ணன்கூட ஒரு தடவ... காலரா மாதிரி நடிச்சு...”

அதற்கு மேல் வரவில்லை.

“நடிச்சாரா?” என்றாள் பெரியம்மா.

அப்பா தரையைப் பார்த்தார்.

“அவரையும் காலரா வந்த மத்தவங்களையும் ஒரு குடிசையில போட்டு, உசுரோட வெச்சே கொளுத்துனானுங்க. கதவக் கட்டச் சொன்னது உங்களத்தான்.” அவள் குரல் உயரவில்லை. “உங்ககூட இருந்த ரஹாங் ஊரு ஆறுமுகம், சயாம்லேர்ந்து வந்த கையோட எங்கிட்ட சொல்லிட்டாரு.”

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“தெரிஞ்சுமா அண்ணி இத்தன நாளு சிரிச்சீங்க?”

“சிரிச்சாத்தானே பேசுவீங்க. பேசிக்கிட்டே இருந்தா, ஒரு நாளு அதுவும் வாயில வந்துரும்னு பாத்தேன்.”

நான் எழுந்து டிவி சத்தத்தைக் குறைத்தேன். அணைக்கத் தோன்றவில்லை.

“உங்களக் குத்தம் சொல்லல தம்பி. அவன் துப்பாக்கியோட நிக்கிறான், நீங்க என்ன பண்ணுவீங்க. ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லுங்க. கதவக் கட்டுறப்ப, என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?”

வாராவாரம் பெரியப்பாவுக்காகப் பொய் கட்டியவர் அப்பா. இன்னும் ஒரே ஒரு பொய்தான் வேண்டியிருந்தது. உங்க பேரச் சொன்னாரு என்றால் போதும். முடிந்திருந்தால் அந்தப் பொய்யை நானே அவருக்கு எடுத்துக் கொடுத்திருப்பேன்.

“தண்ணி கேட்டாரு, அண்ணி.”

பெரியம்மா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

“குடுத்தீங்களா?”

அவள் எழுந்து போகவில்லை. நாடகம் முடிந்தது. ஊமைப் படமாக யார் யாரோ கைகுலுக்கிக்கொண்டார்கள். மலாய்ச் செய்தி தொடங்கியது.

அதன் பிறகுதான் அப்பா சொன்னார்.

“என் மூங்கில் குழாயில தண்ணி பாதிக்கு மேல இருந்துச்சு, அண்ணி.”