மருந்து அடிக்காத வயல்

கோவில்பதாகை ஏரியில் மீன்கள் செத்து மிதந்த மூன்றாம் நாள், வேளாண்மை அதிகாரி உத்தமன் ஜீப்பில் வந்து இறங்கினார். ஏரியை ஒட்டியிருந்தது லோகநாயகியின் வயல்தான்.

“உன் வயல்லேர்ந்துதான் பூச்சிமருந்து ஏரியில கலந்திருக்கு. தப்பை ஒத்துக்கிட்டு இந்தத் தாள்ல கையெழுத்துப் போடு. இனிமே உனக்கு மானிய விதைநெல் கிடையாது.”

“நான் எங்க சார் மருந்து அட்ச்சேன்? வேப்பங்கொட்டைய இட்ச்சு, கரைச்சு, அதைத்தானே தெளிக்கிறேன்!”

“மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. மருந்து அடிக்கலைங்கறதுக்கு என்ன அத்தாட்சி?”

“அத்தாட்சிதானே? கீது. இரு, எட்த்துகினு வரேன்.”

விடுவிடென்று வீட்டுக்குப் போனவள், மடித்துவைத்திருந்த அரசாங்கக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“சத்தமா படி சார். ஊரே கேக்கட்டும்.”

உத்தமன் வாய்க்குள்ளேயே படித்தார். போன வருடம், 1991 ஜூன் மாதத் தேதி.

‘பலமுறை அறிவுறுத்தியும் பூச்சிமருந்து அடிக்க மறுப்பதால், தங்களுக்கு மானிய விதைநெல் வழங்குவது நிறுத்தப்படுகிறது.’

கீழே அவருடைய கையெழுத்து.

“போன வருசமே நீ நிறுத்துன விதைநெல்லை,” என்று லோகநாயகி கத்தினாள், “இன்னொரு தபா எப்படி சார் நிறுத்துவே?”