கொசுக்கா

“கொலைகாரங்களைக் கையோட பிடிச்சுட்டு வந்திருக்கேன், கதவைத் திறங்க!”

எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளே டிவி சத்தம் மட்டும் சட்டென்று அடங்கியது. தெரு சுகாதாரக் குழுத் தலைவிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அவள் கையில் இருந்தது காலி ஜாம் பாட்டில். அதில் பாதித் தண்ணீரும், நெளியும் கொசுப்புழுக்களும். செத்த புழுவைக் காட்டினால் யார் பயப்படுவார்கள்? அவை மூச்சு முட்டிச் செத்துவிடக் கூடாதென்று மூடியில் பெரிய ஆணியால் ஓட்டைகூடப் போட்டிருந்தாள். அதை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் தெரு அவளுக்குக் ‘கொசுக்கா’ என்று பட்டம் கட்டிவிட்டது.

பட்டம் கிடக்கட்டும். தொட்டி, வாளி, பழைய டயர் என்று ஒன்று விடாமல் கவிழ்த்தாயிற்று. அப்படியும் அவள் பெற்ற மகளே காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறாள். கொசுக்கடிதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார்.

எவனோ தண்ணீரை ஒளித்து வைத்திருக்கிறான். பக்கத்து வீட்டுத் தையல்காரர் மேல்தான் அவளுக்குச் சந்தேகம். நேரே அவர் கடைக்குள் நுழைந்தாள்.

“அண்ணே, மறைக்காம சொல்லுங்க. தண்ணியை எங்க தேக்கி வச்சிருக்கீங்க?”

“எங்கம்மா தேக்குறது? நீ வர்றேன்னு தெரிஞ்சா டம்ளர்ல தண்ணி வைக்கவே பயமா இருக்கு.”

“அப்போ அது என்ன?”

“இஸ்திரி போடத் தெளிக்கிற தண்ணிம்மா. ஐயோ, கொட்டாத!”

கொட்டிவிட்டாள். தையல்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“நல்லா இரும்மா. இனி கண்ணுல தண்ணி வந்தாக்கூட உங்கிட்ட கேட்டுட்டே அழறேன்.”

“உங்களுக்கு எல்லாமே கிண்டல். எம்பொண்ணு படுற பாட்டை வந்து பாருங்க, அப்பத் தெரியும்!”

இந்தத் தெருவுக்காக இப்படி நாயாய் அலைந்து என்ன கண்டோம் என்று மனம் வெறுத்துப்போய் வீடு திரும்பினாள்.

மகள் கண்ணை மூடிக் கிடந்தாள். கைகால் எல்லாம் சிவப்புச் சிவப்பாய்த் தடிப்பு. கொசுக்கா வழக்கம்போல் பாட்டிலைக் கட்டிலின் தலைமாட்டு அலமாரியில் வைத்துவிட்டு, ஈரத்துணியை எடுத்து மகள் நெற்றியில் போட்டாள்.

“கண்ணு, கவலைப்படாத. அந்தக் கொசு எந்த வீட்லருந்து வருதுன்னு கண்டுபிடிக்காம அம்மா விடமாட்டேன்.”

மகள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். அவள் பார்வை அலமாரியிலேயே நின்றது.

“அம்மா, அந்த ஓட்டை வழியா இன்னொண்ணு வெளிய வருதும்மா.”