நாற்பத்தேழாவது கோரிக்கை

"அந்தக் கோமாளிக்குப் பாராட்டு விழா. அதுக்கு நீ புதுத்துணி வேற கட்டிக்கிறே!"

எனேமுவோ கத்தினார். அவர் மனைவி உகோயே நிதானமாகத் தலைத்துணியை முடிந்துகொண்டிருந்தாள்.

"நீங்களும்தானே வர்றீங்க?"

"கைதட்டவா வர்றேன்? மேடையேறி இதை வாசிக்க வர்றேன்."

சட்டைப்பையிலிருந்த துண்டறிக்கையைத் தட்டிக் காட்டினார். தலைப்பு: 'உழைப்பாளியை விற்றுச் சிரித்தவன்.'

எனுகு நகர நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் முப்பது ஆண்டுகள் முழங்கியவர். ராணுவ ஆட்சியில் பதினான்கு மாதம் சிறை. எங்கே வைத்திருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறாரா என்றுகூட வீட்டுக்குத் தகவல் கிடையாது.

அந்த நாட்களில்தான் தொலைக்காட்சியில் ஒபியோரா என்ற நடிகர் 'காம்ரேட் கொங்கொங்'காக வந்தார். எனேமுவோவைப் போலவே கழுத்தில் சிவப்புத் துண்டு, கையில் இரும்பு மணி. மணியை அடித்துச் சொந்தப் பெண்டாட்டிக்கு எதிராகவே வேலைநிறுத்தம் அறிவிப்பார். ஊரே சிரித்தது.

விடுதலையாகி வந்தவரிடம் பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான்: "எல்லாரையும்விடப் பலமா சிரிச்சது உங்க வீட்டம்மாதான், காம்ரேட். தெருக்கோடி வரைக்கும் கேட்கும்."

முப்பது வருடமாக அந்த முள் உள்ளேயே இருந்தது. அந்த நிகழ்ச்சியை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் காதுபட யாரும் அந்தப் பேச்சை எடுப்பதுமில்லை.

மண்டபத்தில் பின்வரிசை இளவட்டங்கள், பழைய டிவி கோமாளிகளில் யார் பெரியவன் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கஞ்சப் பிரபுதான்டா டாப்பு! எறும்பு தூக்கிட்டுப்போன சர்க்கரைக்குப் போலீஸ்ல புகார் கொடுப்பானே!"

"போடா. வாயில நுழையாத இங்கிலீஷ் பேசுற வாத்தியார் வந்தா அவன் எங்கே நிற்பான்?"

"ரெண்டு பேரும் கொங்கொங் கால்தூசிக்கு வருவாங்களா?"

எனேமுவோ பல்லைக் கடித்தார்.

சாப்பாட்டுத் தட்டுகள் வந்தன. கூட்டத்தில் மூத்தவர் என்பதால் கோழியின் இரைப்பையை அவர் தட்டில் வைத்தார்கள். மரியாதை. அவர் தொடவில்லை. மேடையில் ஒபியோரா கூனிப்போய், கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார்.

விளக்கு அணைந்தது. திரையில் பழைய காட்சி ஓடியது.

"கோரிக்கை ஒண்ணு! சூப்புல மீன் தெரியணும்! கோரிக்கை ரெண்டு! என் தூக்கத்துல யாரும் குறுக்கிடக் கூடாது! கோரிக்கை மூணு! மாமியார் ஊருக்குக் கிளம்பணும்! கோரிக்கை நாற்பத்தேழு! கோழி இரைப்பை வீட்டுத் தலைவனுக்கே!"

மண்டபம் அதிர்ந்தது. "மூணுக்கு அப்புறம் நாற்பத்தேழாம்!"

எனேமுவோ மட்டும் உறைந்துபோனார். அவருடைய சிறைச் சட்டையில் தைத்திருந்த எண் அது. யாரிடமும் அவர் சொன்னதில்லை.

மனைவியின் கையைப் பிடித்தார். "உகோயே... இந்த நம்பர் இவனுக்கு எப்படித் தெரியும்?"

உகோயே திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இவரோட அண்ணன் நீங்க இருந்த சிறையில காவலர். வாராவாரம் தம்பிக்குச் சேதி சொல்லுவாரு. அப்பல்லாம் நேரடி ஒளிபரப்புதானே? ஒருநாள் சந்தையில இவரே என்னைத் தேடி வந்தாரு. 'செவ்வாய்க்கிழமை டிவி பாருங்க. மூணுக்கு அப்புறம் நாற்பத்தேழுன்னா உங்க புருஷன் உயிரோட இருக்காரு. நாலுன்னு எண்ணினா, நீங்க துக்கக் கறுப்பு கட்டிக்கணும்'னாரு."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?"

"கோலாக்கொட்டையை உடைச்சுச் சத்தியம் வாங்கினாங்க. விஷயம் வெளியே தெரிஞ்சா அண்ணன் தலை போயிடும். அவர் மண்ணுக்குள்ள போற வரைக்கும் வாய் திறக்க மாட்டேன்னு சொன்னேன். போன மாசம்தான் அடக்கம் பண்ணினாங்க."

"அப்போ... நீ சிரிச்சது?"

"ஒவ்வொரு செவ்வாயும் மூணு சொல்லி ஒரு மூச்சு விடுவாரு பாருங்க, அதுக்குள்ள நான் செத்துப் பிழைப்பேன். நாலுன்னு சொல்லலையேன்னு சிரிச்சேன்."

"அடுத்து நமது மூத்த தோழர் எனேமுவோ பேசுவார்!" ஒலிபெருக்கி அழைத்தது.

அவர் எழுந்தார். துண்டறிக்கை இருக்கையிலேயே கிடந்தது. தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையேறினார். அவரைக் கண்டதும் ஒபியோரா தடுமாறி எழ முயன்றார். எனேமுவோ அவர் தோளைத் தொட்டு உட்காரவைத்தார்.

ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"கோரிக்கை ஒண்ணு," என்றார். "ரெண்டு. மூணு..."

கூட்டம் காத்திருந்தது.

"நாற்பத்தேழு. இந்த இரைப்பை இவருக்குத்தான்."

தன் தட்டிலிருந்ததை எடுத்து ஒபியோராவின் தட்டில் வைத்தார்.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. இந்த முறை உகோயே மட்டும் சிரிக்கவில்லை.