முந்நூற்று அறுபத்தாறாவது ராத்திரி

"ஒரு ராத்திரி கூடுதலா இருக்கே," என்றார் மிஸ் ஓபல்.

வெண்டல் மேசைமேல் கிடந்த இரண்டு நாட்காட்டிகளையும் பார்த்தான். ஒன்று அவன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலிருந்து கழற்றி வந்தது. மற்றது கோரீன் வீட்டுச் சமையலறையிலிருந்து.

நூலகத்தின் பின்னறை அது. வரிக் காலம் வந்தால் ஓய்வுபெற்றவர்கள் நாலைந்து பேர் அங்கே உட்கார்ந்து, ஊராருக்குக் காசு வாங்காமல் படிவம் நிரப்பித் தருவார்கள். மிஸ் ஓபல் வங்கியில் முப்பது வருஷம் இருந்தவர். இரண்டு தடவை எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

"அப்பா வீட்டுல நூத்தி எண்பத்து மூணு. அம்மா வீட்டுல நூத்தி எண்பத்து மூணு. கூட்டினா முந்நூத்தி அறுபத்தாறு. போன வருஷத்துக்கு அவ்வளவு நாள் கிடையாது, கண்ணு."

வெண்டலும் கோரீனும் பிரிந்து மூன்று வருஷம் ஆகிறது. எட்டு வயது மகள் ஐவி ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. பிள்ளைக்கென்று அரசாங்கம் வரியில் கழித்துத் தரும் இரண்டாயிரத்துச் சொச்சம் டாலர் மட்டும் ஒருவருக்குத்தான். எந்த வீட்டில் அதிக ராத்திரி தூங்கினாளோ, அந்த வீட்டுக்கு. சரிசமமாக வந்தால், அதிகம் சம்பாதிப்பவருக்கு.

பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் கோரீனுக்குத்தான் சம்பளம் கொஞ்சம் கூட.

போன முறை இருவருமே மகள் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்கள். இருவருக்கும் கடிதம் வந்தது. இருவர் பணமும் ஆகஸ்ட் வரை முடங்கிப் போனது. அதனால்தான் இந்த முறை ஒன்றாக வந்திருக்கிறார்கள், சாட்சிக்கு நாட்காட்டியோடு.

ஐவிக்கு ஒரு வழக்கம். காலையில் எந்த வீட்டில் கண் விழிக்கிறாளோ, அந்த வீட்டு நாட்காட்டியில், முந்தின ராத்திரியின் கட்டத்தில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டுவாள். அதை வேறு யாரும் தொட்டால் வீடு இரண்டாகும்.

வெண்டலுக்கு அந்தப் பணம் வேண்டும். அவன் பழைய பிக்கப் வண்டியில் கியர்பாக்ஸ் போய்க்கொண்டிருந்தது. அவன் வேலை செய்யும் கிடங்குப் பக்கம் பஸ் எட்டிப் பார்ப்பதில்லை. வண்டி நின்ற அன்று வேலையும் நிற்கும்.

"நீ ஒண்ணு கூட ஒட்டியிருக்கே," என்றான் கோரீனிடம்.

"நானா? குழந்தை ஸ்டிக்கரைத் திருடுற அளவுக்கு வந்துட்டேனா? முதல்ல உன் தேதியைப் பாரு. கல்யாண நாளையே மாத்திச் சொன்ன ஆளு நீ."

"ஒரே ஒரு தடவை."

"அதுவும் எங்கம்மா முன்னாடி."

மிஸ் ஓபல் சிரிக்கவில்லை. இரண்டு நாட்காட்டிகளையும் ஒரே நேரத்தில், மாதம் மாதமாகப் புரட்டினார். இரண்டாவது தாளிலேயே பென்சில் நின்றது.

"இங்க இருக்கு. பிப்ரவரி இருபத்திரண்டு. ரெண்டுலயும் ஒட்டியிருக்கு."

வெண்டல் குனிந்தான். அவனுடையதில் இருந்தது முழு நட்சத்திரமில்லை. கிழிந்துபோன ஒன்று என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான்.

கோரீனுடையதும் கிழிந்திருந்தது.

அவள் தன் தாளை அந்தக் கட்டத்தின் ஓரத்தில் மடித்தாள். அவன் தாளின்மேல் நகர்த்தி வைத்தாள். இரண்டு பாதியும் ஒன்றோடொன்று பொருந்தின. கிழிசல் இல்லை, கத்தரிக்கோல் வெட்டு.

"அன்னைக்கு ராத்திரி குழந்தை எங்க தூங்குச்சு?" என்று கேட்டார் மிஸ் ஓபல்.

வெண்டல் அந்தப் பாதி நட்சத்திரத்தை விரலால் தொட்டான்.

"இவன் வீட்டுல," என்றாள் கோரீன். அவ்வளவுதான் சொன்னாள்.

"அப்ப விஷயம் முடிஞ்சுது. அப்பாவுக்கு நூத்தி எண்பத்து மூணு, அம்மாவுக்கு ஒண்ணு கம்மி." மிஸ் ஓபல் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

வெண்டல் சும்மா இருந்திருந்தால் போதும். வண்டி சரியாகியிருக்கும்.

"இவளும் அங்கதான் இருந்தா," என்றான்.

பென்சில் நின்றது.

"பனிமழையில கரன்ட் போன ராத்திரி அது. இவ வீட்டுல குளிர் தாங்க முடியலை. என் வீட்டுல விறகடுப்பு. பிள்ளையை விட்டுட்டுப் போக வந்தா. ரோடு கண்ணாடியா உறைஞ்சு போச்சு, போக முடியலை. அடுப்பு முன்னாடி ஒரே மெத்தை. நடுவுல ஐவி."

விடியற்காலையில் கத்தரிக்கோலும் கையுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகளை, நல்ல ஸ்டிக்கரை வீணாக்குகிறாளே என்று அவன் அதட்டியதைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை, பாவம்.

"அம்மாவும் கூட இருந்திருந்தா ராத்திரி ரெண்டு பேருக்கும்தான்," என்றார் மிஸ் ஓபல் மெதுவாக. "அப்ப சரிசமம். பணம் அம்மாவுக்குப் போகும், தம்பி. தெரியும்ல?"

"தெரியும்."

கோரீன் அவன் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, குரலில் மட்டும் கோபம்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு?"

பிறகு தாளை மடிப்பு நீக்கி, உள்ளங்கையால் நீவிக்கொண்டே கேட்டாள்.

"கியர்பாக்ஸுக்கு எவ்வளவு கேக்குறான்?"

கியர்பாக்ஸைப் பற்றி வெண்டல் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.