பத்தடிக்கு எட்டடி

"இங்க மட்டும் ஏன் பெரியவரே காயுது?"

வீட்டம்மா இதைக் கேட்பது மூன்றாவது தடவை.

புதுவீட்டின் முன்னால் நான் புல் விரித்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது. சுற்றிலும் கண்ணுக்குக் குளிர்ச்சியான பச்சை. நடுவில் மட்டும் சோகை பிடித்த மஞ்சள்.

"தண்ணி பத்தலம்மா. ஒரு வாரம் பொறுங்க, எழுப்பிடறேன்."

மூன்று தடவையும் இதையேதான் சொன்னேன். முதல் இரண்டு தடவை பொறுத்தார். இன்று அவர் கையில் என்னுடைய கடப்பாரை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள் வீடு பார்க்க வருகிறார்கள்.

தோண்டாமல் விட்டால் போதும். எனக்கு வேறு கவலை இல்லை.

என் வேலையில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். மற்ற இடமெல்லாம் ஒரு சாண் ஆழம் கொத்தினேன், கல் பொறுக்கினேன், எருவும் மணலும் கலந்து உருளை இழுத்தேன். பாய்போல் சுருட்டி வந்த புல்லை விளிம்போடு விளிம்பு சேர்த்து விரித்தேன். இந்த இடத்தை மட்டும் கொத்தவில்லை. நாலு விரல் மண்ணைக் கொட்டி, மட்டம் தட்டி, மேலே புல்லைப் போட்டு மூடிவிட்டேன்.

மூன்று வாரம் யாரும் மிதிக்கக் கூடாது என்று ஒரு பலகையும் நட்டேன். 'புல் மேல் நடக்காதீர்கள்.' என் மகள் சாக்கட்டியால் தரையில் எழுதிக் காட்டி, நாற்பது வயதுக்கு மேல் நான் கற்ற எழுத்து. பலகை போதாமல் கடைசி எழுத்து ஓரத்தில் தொங்கியது.

தினமும் காலையில் எல்லாப் புல்லுக்கும் குழாயால் தண்ணீர் பீய்ச்சுவேன். இந்த மஞ்சளுக்கு மட்டும் அப்புறம் வாளியில் மொண்டு வந்து கையால் தெளிப்பேன். வெயில் ஏறினால் ஈரச் சாக்கு போர்த்துவேன். உர மூட்டையில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து அளவாகத் தூவினேன். ஒன்றும் பிடிக்கவில்லை.

குழாய் வேலைக்கு வந்தவன் ஒருநாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தான்.

"என்னண்ணே, பச்சப் புல்ல செருப்புக் காலோட மிதிச்சுட்டு வந்து, மஞ்சப் புல்லுக்குக் கழட்டி வெக்கறீங்க? தலைய வேற குனிஞ்சுக்கறீங்க. அது என்ன உங்க மாமியார் வீடா?"

"போடா, உன் வேலையப் பாரு" என்றேன்.

வீட்டம்மாவுக்கு அது பிடித்திருந்தது. ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு ஃபோனில் யாரிடமோ சொன்னார்: "நோஞ்சான் புல்லுன்னு செருப்பக் கழட்டிட்டுத்தான் கால வெக்கறார். அப்படி ஒரு ஆளு எங்களுக்குக் கெடச்சிருக்கார்."

அந்த நல்ல பெயர் இரண்டு வாரம் தாங்கியது.

வெயில் ஏற ஏற, திட்டாக இருந்த மஞ்சளுக்கு ஓரம் வந்தது. அப்புறம் மூலை வந்தது. நேற்று மாடியிலிருந்து பார்த்தவர் கீழே இறங்கி வந்தார்.

"நூல் புடிச்ச மாதிரி காஞ்சிருக்கே. பத்துக்குப் பத்து இருக்குமா?"

"பத்துக்கு எட்டும்மா."

"அளந்து பாத்தீங்களா?"

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு குழாய்ப் பக்கம் போய்விட்டேன்.

இன்று போக முடியவில்லை. "தோண்டுங்க. அடியில என்னதான் இருக்குன்னு பாத்துடலாம்" என்றார். நான் அசையாததைப் பார்த்து அவரே கடப்பாரையைப் போட்டார். பழக்கமில்லாத கைதான். ஆனால் நாலு விரல் மண்.

ணங்.

காலால் மண்ணை ஒதுக்கினார். வழவழவென்று சிமெண்டுத் தரை. வேர் இறங்க வழியில்லாத புல், காயாமல் என்ன செய்யும்?

"அட, பழைய தரை! கொத்தறப்ப தெரியலையா உங்களுக்கு?"

தெரிந்தது என்றால் அடுத்த கேள்வி வரும்.

"கொத்தலம்மா. சோம்பேறித்தனம்."

முப்பது வருட மண் வேலையில் ஒருவரும் என்னைச் சொல்லாத வார்த்தை. நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "உங்களப் போயி ஊரெல்லாம் பெருமையா சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்." கடப்பாரையை நீட்டினார். "இன்னிக்கே உடைச்சு அள்ளிடணும். முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆள வெச்சுக்கறேன்."

வேறு ஆள்.

வாங்கிக்கொண்டேன்.

செருப்பை வழக்கமான இடத்தில் விட்டேன். தலையைக் குனிந்து கால் வைத்தேன்.

"செருப்பப் போட்டுக்குங்க பெரியவரே, சில்லு தெறிச்சு கால்ல ஏறிடப்போகுது." அந்தக் கோபத்திலும் அவருக்கு அவ்வளவு மனசு இருந்தது.

திரும்பிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன்.

இடிக்க வந்தவர்கள் சுவரையும், குனிந்து நுழையும் வாசலையும், கூரையையும்தான் அள்ளிப்போனார்கள். தரையை எனக்கு விட்டு வைத்திருந்தார்கள். நானும் என் மனைவியும் மண்டி போட்டுப் பூசிய தரை. பதினொரு வருடம் குடியிருந்தோம். ஒருநாளும் ஒருவரும் செருப்போடு அதில் ஏறியதில்லை.

அடுப்பு இருந்த மூலையில் ஆரம்பித்தேன்.