அடுத்த அறையின் பதில்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன்.

ஒரு தையல்காரியின் மகனுக்கு வலிப்பு வரும் என்று தெரிந்ததும், வாடகைக்குத் தருவதாகச் சொன்ன வீட்டை இல்லையென்றுவிட்டார் வீட்டுக்காரர். தையல்காரி புகார் கொடுத்தாள். கோர்ட்டுக்குப் போகாமல் முடிக்க, சமரச அலுவலகத்தில் இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்தார்கள். அலுவலர் அம்மாள்தான் நடுவே நடையாய் நடந்தார்.

"பையன் ராத்திரியில கத்துவானான்னு கேக்குறாங்கம்மா."

"கத்தமாட்டான் மேடம். நாலு நாளா பஸ் ஸ்டாண்டுலதான் படுக்கிறோம். உங்க கால்ல வேணா விழறேன்!"

நாலாம் நடையில் அலுவலர் சாவியோடு வந்தார். நன்றி சொல்ல அடுத்த அறைக்கு ஓடினாள் தையல்காரி. அங்கே காலி நாற்காலிதான் இருந்தது.

"அந்த ஆளு காலையிலயே எழுந்து போயிட்டாரும்மா. இது எங்க வீட்டு மாடிச் சாவி. இந்த அறையில இருந்து போன்ல என் மாமியாரைச் சம்மதிக்க வைக்கத்தான் இத்தனை நடை!"

உங்கள் குடும்பம் ஒருநாளும் இடம் தேடி அலையாமல் நிறைந்து வாழட்டும்.